தொண்ணூறு எழுத்து

11 ஜூலை 2024, வியாழன்

தட்டுகளில் புள்ளி புள்ளியாக வளர்ந்திருந்த கிருமிக் காலனிகளை எண்ணி முடிக்க மதியம் மூன்று மணி ஆகிவிட்டது. ரைபியை வெட்டாத கிருமிக்கு ஆறு தட்டு, வெட்டிய கிருமிக்கு ஆறு. ரைபி இல்லாத கிருமி மனித செல்லுக்குள் கொஞ்சம் அதிகமாகத் தங்கியிருக்கிறது. கொஞ்சம்தான். இதற்கு முன் இரண்டு முறை செய்தபோது இப்படி வரவில்லை. ஆய்வு வழிகாட்டி புருஷோத்தமன் சாரிடம் காட்டினேன். "மூணு தடவைல ஒரு தடவ வந்தா அது முடிவு இல்ல வாணி, ஆசை" என்றார். சரிதான்.

நாளை ஊருக்குப் போகிறேன். போன முறை ஈஸ்வரி அண்ணி கேட்டாள்: "அஞ்சு வருசமா வேலூர்ல இன்னாதான் பண்ற நீ?" இந்த முறை சொல்லிவிட வேண்டும். எப்படிச் சொல்வது என்று எழுதிப் பார்க்கிறேன்.

ஆர்.என்.ஏ என்றால் பெரும்பாலும் புரதம் செய்வதற்கான குறிப்பு. ரைபியும் ஆர்.என்.ஏதான், ஆனால் அப்படி இல்லை. மொத்தம் ஏறக்குறைய தொண்ணூறு எழுத்து. அதைப் படித்து எந்தப் புரதமும் உருவாகாது. இரும்பு கிடைக்காதபோதுதான் கிருமி அதை உண்டாக்கும். இரும்பைச் செலவழிக்கிற புரதங்களின் குறிப்புகளோடு போய் அது ஒட்டிக்கொள்ளும். ஒட்டியதும் அந்தக் குறிப்பு சிதைந்துவிடும். இருக்கிற கொஞ்ச இரும்பு, அது இல்லாவிட்டால் செத்துவிடும் என்கிற வேலைக்கு மட்டும் போகும். காய்ச்சல் வந்தால் நம் உடம்பு இரும்பை ஒளித்து வைக்கும். அந்தப் பட்டினியை டைபாய்டு கிருமி எப்படித் தாங்குகிறது என்பதுதான் என் கேள்வி. அதற்காக அதிலிருந்து ரைபியை வெட்டி எடுத்து, அந்த இடத்தில் கனமைசின் மருந்துக்குச் சாகாத மரபணு ஒன்றை வைத்திருக்கிறேன்.

இதைச் சொல்லி முடிப்பதற்குள் அண்ணி தூங்கிவிடுவாள்.

12 ஜூலை, வெள்ளி

நாலரை மணி அமிர்தி பஸ்ஸைப் பிடித்துவிட்டேன். மலை ஏற ஏற மழை. வீட்டுக்கு வந்து சேர ஏழரை.

14 ஜூலை, ஞாயிறு

அண்ணிக்கு ஆறாம் மாதம் முடியப் போகிறது. முகம் வெளுத்திருக்கிறது. ரத்தம் குறைவு என்று நர்ஸ் இரும்பு மாத்திரை கொடுத்திருக்கிறார். சின்னதம்பி அண்ணனும் அம்மாவும் சாமைக் காட்டில் களை எடுக்கப் போய்விட, இரண்டு நாளும் சமையல் நான்தான். அண்ணிக்குக் குனிய முடியவில்லை. சோற்றைப் பிசைந்து கையில் உருட்டிக் கொடுத்தேன். வெட்கப்பட்டுக்கொண்டே வாங்கித் தின்றாள்.

ரைபியைப் பற்றிச் சொன்னேன். தூங்கவில்லை. "நம்மள மாதிரிதான், இல்லாதப்ப சுருக்கிக்குது" என்றாள். இதைவிட நன்றாக என் ஆய்வேட்டில்கூட நான் சொல்லவில்லை.

22 ஜூலை, திங்கள்

நாலாவது முறை. இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. சார் சொன்னது சரி.

27 ஜூலை, சனி

அண்ணன் போன் செய்தான். அண்ணிக்கு எட்டு நாளாகக் காய்ச்சல்.

"மழையில நனஞ்சதுன்னு நெனச்சோம். மாத்திர குடுத்தா எறங்குது, சாயங்காலம் மறுபடி ஏறுது. இன்னா பண்றதுன்னே தெரில வாணி."

ஜமுனாமரத்தூர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்களாம். டைபாய்டு மாதிரி இருக்கிறது, வயிற்றில் குழந்தை இருப்பதால் வேலூருக்குக் கொண்டுபோய்விடுங்கள் என்றார்களாம். நாளைக் காலை 108-ல் வருகிறார்கள்.

டைபாய்டு.

போனை வைத்ததும் இந்த நோட்டில் 12-ந் தேதியைத் திருப்பிப் பார்த்தேன். பஸ், மழை, ஏழரை மணி. அன்று மதியம் நடந்தது அதில் இல்லை. என் சொந்த நோட்டில்கூட எழுதாமல் விட்டிருக்கிறேன்.

இப்போது எழுதுகிறேன். 12-ந் தேதி மூன்றே முக்கால். குழாய்களை வேகமாகச் சுழற்றும் கருவியைத் திறந்தபோது ஒரு குழாயில் விரிசல். எடுக்கும்போது கசிந்து வலது கையுறையிலும் கோட்டின் மணிக்கட்டிலும் பட்டது. ரைபி வெட்டிய கிருமி. கையுறையைக் கழற்றினேன். பிளீச் போட்டுத் துடைத்தேன். சோப்பு போட்டுக் கழுவினேன். கழுவினேன், நன்றாக நினைவிருக்கிறது. ஆனால் எவ்வளவு நேரம்? கோட்டைத் தனிப் பையில் கட்டாமல் ஆணியிலேயே மாட்டிவிட்டு ஓடினேன். சுடிதாரின் கை நுனி ஈரமாக இருந்தது. கை கழுவின தண்ணீர் என்று நினைத்துக்கொண்டேன். விபத்துப் பதிவேட்டில் எழுதவில்லை. எழுதினால் சாரிடம் போய் நிற்க வேண்டும், பஸ் போய்விடும்.

அதே சுடிதாரோடு வீட்டுக்குள் போனேன். அடுத்த இரண்டு நாளும் அவளுக்குச் சோறு –

பன்னிரண்டுக்கு அப்புறம் ஒரு வாரம். காய்ச்சல் தொடங்கின நாள் பத்தொன்பது, இருபது. கணக்கு அப்படியே பொருந்துகிறது.

28 ஜூலை, ஞாயிறு

அண்ணியை ஸ்ட்ரெச்சரில் இறக்கினார்கள். உதடெல்லாம் வெடித்திருந்தது. கண்ணைத் திறக்கிறாள், பார்க்கிறாள், மறுபடி மூடிக்கொள்கிறாள். 103.8. ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்க இரண்டு பாட்டில் ரத்தம் எடுத்துவிட்டு, உடனே செஃப்ட்ரியாக்சோன் ஊசி போட்டார்கள். நல்ல மருந்து. அதுதான் கொடுக்க வேண்டும். எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்து என்ன?

டாக்டர் தேவயானிக்கு என் வயதுதான் இருக்கும். படிவத்தை நிரப்பிக்கொண்டே வரிசையாகக் கேட்டார். குடிக்கிற தண்ணி எங்கேர்ந்து? கொதிக்க வெச்சுக் குடிக்கிறீங்களா? வேற யாருக்காவது காய்ச்சல் இருக்கா? அண்ணன் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னான்.

"வூட்ல யாராவது ஆஸ்பத்திரியிலயோ லேப்லயோ வேலை பார்க்கறாங்களா?"

அண்ணன் என் பக்கம் திரும்பினான். நான் முந்திக்கொண்டேன்.

"இல்ல டாக்டர்."

எப்படி வந்தது அந்த வார்த்தை? யோசிக்கவே இல்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது. நான் செய்வது படிப்புதானே, வேலை இல்லையே என்று அண்ணன் நினைத்திருக்கலாம். டாக்டர் படிவத்தில் 'இல்லை' என்ற கட்டத்தில் டிக் அடித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார்.

29 ஜூலை, திங்கள்

ரத்த பாட்டில் இரண்டிலும் கிருமி வளர்ந்திருக்கிறது. என்ன கிருமி என்று நாளைக்குச் சொல்வார்களாம்.

எனக்குக் காய்ச்சல் இல்லை. நாலு முறை பார்த்துவிட்டேன். ஆய்வகத்தில் சேர்ந்தபோதே தடுப்பூசி போட்டார்கள். அதனால் எனக்கு வராமலே என் கையோடு போயிருக்கலாம்.

ஆனந்தியிடம் மட்டும் சொன்னேன். பக்கத்து மேஜையில் மூன்று வருடமாக வேலை செய்கிறவள். முகம் மாறிவிட்டது. கதவைச் சாத்திவிட்டு வந்து சொன்னாள்: "அந்த ஆஸ்பத்திரி லேப்ல என் கூடப் படிச்ச ஒருத்தி இருக்கா. ஒரே ஒரு காலனி வாங்கிட்டு வந்துடறேன். நாமளே பிசிஆர் போட்டுப் பார்ப்போம். நம்மளுது இல்லன்னா யாருக்கும் எதுவும் தெரிய வேணாம்."

எங்களுடையதுதான் என்றால்? அதை அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

பரிசோதனை சுலபம்தான். ரைபி இருக்கும் இடத்தின் இரண்டு பக்கத்திலிருந்தும் நகலெடுத்தால், ஊரில் திரியும் கிருமியில் துண்டு சின்னதாக வரும். என் கிருமியில் ரைபி இருந்த இடத்தில் அந்தப் பெரிய கனமைசின் மரபணு உட்கார்ந்திருப்பதால் துண்டு நீளமாக வரும். ஜெல்லில் ஓடவிட்டால் சின்னது கீழே ஓடிவிடும், நீளமானது மேலேயே தங்கிவிடும். கீழே என்றால் ஊர்க் கிருமி. மேலே என்றால் நான்.

எத்தனையோ கிருமிகளுக்கு இதைச் செய்திருக்கிறேன். என் வீட்டு ரத்தத்தில் வளர்ந்ததற்கு இதுதான் முதல் தடவை.

ஆனந்தியிடம் சரி என்று சொல்லிவிட்டேன்.

அந்த 11-ந் தேதி தட்டுகள் கண்ணிலேயே நிற்கின்றன. செல்லுக்குள் அதிகமாகத் தங்கியதே, அது ஆசை இல்லாமல் உண்மையாக இருந்தால்? அப்புறம் செய்த முறை வித்தியாசம் இல்லை என்று எனக்கே சொல்லிக்கொள்கிறேன். நாலில் ஒன்று. நாலில் ஒன்று என்றால் ஒன்றுமில்லை என்று அர்த்தமா?

30 ஜூலை, செவ்வாய்

காலையில் அண்ணி அண்ணனின் கையைப் பிடித்து, "உள்ள அசையல மாமா" என்றிருக்கிறாள். நான் போனபோது நர்ஸ் வயிற்றில் கருவியை வைத்துத் தேடிக்கொண்டிருந்தார். இடது பக்கம். கொஞ்சம் கீழே. வலது பக்கம். கரகரவென்று வெறும் சத்தம். அண்ணன் சுவரைப் பார்த்து நின்றான். நான் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். என்னால்தான், என்னால்தான் – வேறு எதுவும் மண்டைக்குள் ஓடவில்லை.

பிறகு கேட்டது. வேகமாக, ஓடிவருகிற மாதிரி. "நூத்தி எழுவது. அம்மாவுக்குக் காய்ச்சல் இருக்கறதால வேகமா துடிக்குது. பார்த்துக்கலாம்" என்றார் நர்ஸ்.

டாக்டர் தேவயானி வந்து, ரத்தத்தில் வளர்ந்தது டைபாய்டு கிருமிதான் என்றார். எந்தெந்த மருந்துக்குச் சாகும் என்பது நாளை மறுநாள் தெரியும், அதுவரை இதே ஊசி என்றார். கிளம்பப் போனார்.

அவர் கொடுக்கிற மருந்து எந்தக் கிருமிக்கு என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்திருக்கலாம். ஆனந்தி காலனி வாங்கி வரும்வரை, நாங்கள் இரண்டு பேரும் ஒளிந்து பார்த்து முடிக்கும்வரை, இவர் இருட்டில் வைத்தியம் பார்க்க வேண்டுமா? அதற்குள் அண்ணிக்கு ஏதாவது ஆகிவிட்டால்?

வராந்தாவில் அவர் பின்னால் போனேன். "டாக்டர், அன்னைக்கு நீங்க கேட்டதுக்கு நான் பொய் சொன்னேன்" என்றேன். மிச்சமெல்லாம் நின்றபடியே சொன்னேன். எந்தக் கிருமி, எதை வெட்டினேன், எது கசிந்தது, என்று.

அவர் திட்டவில்லை. "அது எந்தெந்த மருந்துக்குச் சாகும்?" என்று கேட்டார்.

"கனமைசின் தவிர எல்லாத்துக்கும். இந்த ஊசிக்கும்."

"எழுதிக் குடுங்க." எழுதிக் கொடுத்தேன். வாங்கிப் படித்துவிட்டு, "இத ஞாயித்துக்கெழமையே சொல்லியிருக்கணும்" என்றார். அவ்வளவுதான். என் மலத்தையும் பரிசோதனைக்குக் கொடுக்கச் சொன்னார். கொடுத்தேன்.

அங்கிருந்து நேராக சாரிடம் போனேன். கேட்டுவிட்டு விபத்துப் பதிவேட்டை எடுத்து 12-ந் தேதிப் பக்கத்தைத் திருப்பினார்.

"பதிவேட்டுல ஏன் எழுதல?"

"பஸ் சார்."

"பஸ்ஸு" என்று அவரும் ஒரு தடவை சொன்னார். பிறகு அலமாரிச் சாவியையும் ஆய்வக அட்டையையும் மேஜைமேல் வைக்கச் சொன்னார். வைத்தேன்.

கடைசியாக அண்ணன். ஆஸ்பத்திரி டீக்கடை வாசலில் சொன்னேன். டம்ளரைக் கையில் பிடித்தபடி முழுக்கக் கேட்டான்.

"வூட்டுக்கு வர்றப்ப தெரியுமா உனக்கு?"

"தெரியாதுண்ணா. தெரிஞ்சிருந்தா வந்தே இருக்க மாட்டேன்."

டீயைக் குடிக்காமல் கீழே ஊற்றிவிட்டு மேலே போய்விட்டான்.

31 ஜூலை, புதன்

சாரே கடிதத்தோடு போய் ஆஸ்பத்திரி ஆய்வகத்திலிருந்து காலனியை முறைப்படி வாங்கி வந்தார். ஆனந்தி வேலையைச் செய்தாள், சார் பக்கத்திலேயே நின்றார். எனக்கு உள்ளே அனுமதி இல்லை. வெளியே படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன்.

பதினொன்றரைக்குத் தொடங்கினார்கள். கலவை தயார் செய்ய ஒரு மணி நேரம், நகலெடுக்க இரண்டு மணி நேரம், ஜெல் ஓட முக்கால் மணி நேரம். ஒவ்வொரு படியும் எனக்கு மனப்பாடம். இப்போது சூடாகும், இப்போது ஆறும், இப்போது குழியில் ஊற்றுவாள். நடுவில் அண்ணனிடமிருந்து செய்தி: 103.2. இன்னும் இறங்கவில்லை. டைபாய்டில் ஊசி போட்டாலும் நாலைந்து நாள் ஆகும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த எண்ணைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்தேன்.

மேலே நின்றால் என்ன செய்வேன் என்று யோசித்தேன். ஊருக்கு எப்படிப் போவேன்? அம்மா முகத்தை எப்படிப் பார்ப்பேன்? எங்கள் மலையிலிருந்து இந்தப் படிப்புக்கு வந்தவர்கள் எத்தனை பேர்? இனி எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி நுண்ணுயிர் படிக்கிறேன் என்றால், "ஈஸ்வரிக்கு ஆனது போதும்" என்று உட்காரவைத்துவிடுவார்களே. ஈஸ்வரிக்கு ஆனது. எனக்குள்ளேயே அவளைச் சாகடித்துவிட்டுப் பேசிக்கொண்டிருக்கிறேன். சே.

மூன்றேகாலுக்கு ஆனந்தி கதவைத் திறந்தாள். கையைக் கீழ்நோக்கிக் காட்டினாள்.

நான் எழுந்திருக்கவில்லை.

சார் படத்தைக் கொண்டுவந்து காட்டினார். முதல் குழியில் அளவுகோல். இரண்டாவதில் என் கிருமி, மேலே. மூன்றாவதில் வெட்டாத கிருமி, கீழே. நாலாவதில் அண்ணியின் கிருமி. கீழே. மூன்றாவதற்கு நேராக, ஒரே வரிசையில். தொண்ணூறு எழுத்தும் அங்கேதான் இருக்கின்றன.

அழுதுகொண்டிருந்தேன். சார் என்னை அழ விட்டார். பிறகு கேட்டார்: "அன்னைக்கு வெட்டாத கிருமிய நீ தொடவே இல்லையா?"

"இல்ல சார். அன்னைக்கு இது மட்டும்தான்."

"முந்தின நாள்?"

முந்தின நாள் பன்னிரண்டு தட்டு எண்ணினேன். அதில் ஆறு வெட்டாதது.

1 ஆகஸ்ட், வியாழன்

நேற்று முழுக்க அழுததும் வீண் மாதிரி ஆகிவிட்டது. மறுபடி அதே கேள்வி. எண்ணும்போது எதுவும் சிந்தவில்லை. ஆனால் 12-ந் தேதி சிந்தியதையே எழுதாதவள் நான். என்னை நான் எப்படி நம்புவது?

பத்து மணிக்கு மருந்துப் பட்டியல் வந்தது. டாக்டர் தேவயானியே போன் செய்தார். அண்ணியின் கிருமி சிப்ரோஃப்ளாக்சசினுக்குச் சாகவில்லை. செஃப்ட்ரியாக்சோனுக்குச் சாகிறது.

எங்கள் ஆய்வகத்து வெட்டாத கிருமி பழைய காலத்துக் கிருமி. சிப்ரோ பட்டாலே செத்துவிடும். போன வருடம் நானே பார்த்து எழுதி வைத்திருக்கிறேன்.

அது எங்களுடையது இல்லை. இரண்டும் இல்லை.

"உங்க பரிசோதனையிலயும் ஒண்ணும் வளரல. இன்னும் ரெண்டு தடவ குடுக்கணும்" என்றார். தயங்கிவிட்டுச் சொன்னார்: "அப்ப இது ஊர்லேர்ந்துதான் வந்திருக்கு. அங்க வேற யாருக்குக் காய்ச்சல்னு விசாரிங்க. உடனே."

ஒரு பயம் போன இடத்தில் இன்னொன்று வந்து உட்கார்ந்தது. அம்மா அங்கே தனியாக இருக்கிறாள்.

2 ஆகஸ்ட், வெள்ளி

அம்மாவிடம் போனில் கேட்டேன். எங்கள் வரிசையில் மூன்று வீட்டில் காய்ச்சல். ஜீவானந்தம் மாமா பன்னிரண்டு நாளாகப் படுத்திருக்கிறார். "மழக்கால சொரந்தானே" என்றாள் அம்மா. தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடி என்று மூன்று முறை சொன்னேன். மூன்றாவது முறை அவளே பயந்துவிட்டாள்.

ஜமுனாமரத்தூர் சுகாதார ஆய்வாளருக்கு டாக்டர் எழுதியிருக்கிறார்.

அண்ணிக்கு 101.

4 ஆகஸ்ட், ஞாயிறு

காலையிலிருந்து காய்ச்சல் இல்லை. இரண்டு இட்லி சாப்பிட்டாள். குழந்தை உதைக்கிறது என்று தானே சொன்னாள்.

அவளுக்கு நானே சொல்ல வேண்டும் என்று அண்ணனிடம் கேட்டிருந்தேன். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். கசிந்தது, பயந்தது, சோதித்தது, என் கிருமி இல்லை என்று வந்தது. கூரையைப் பார்த்தபடியே கேட்டாள்.

"உன்னுது இல்லன்னு எப்ப தெரிஞ்சிது?"

"வியாழக்கெழம அண்ணி."

"அந்த டாக்டரம்மா கேட்டது ஞாயித்துக்கெழம. நான் கண்ண மூடிக்கினு இருந்தேன். காது கேட்டுது. இல்லன்ன நீ."

"பயந்துட்டேன் அண்ணி."

"நானும்தான் பயந்தேன். உள்ள புள்ளய வெச்சிக்கினு. நீ படிச்சவ, நீ கூட இருக்கற, பார்த்துக்குவன்னு நெனச்சிக்கினு படுத்திருந்தேன்."

முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். தண்ணீர் டம்ளரை அவள் கைக்கு எட்டும்படி நகர்த்தி வைத்துவிட்டு எழுந்து வந்தேன். அவள் சொன்னதில் ஒரு வார்த்தையும் தப்பில்லை.

10 ஆகஸ்ட், சனி

ஊரில் ஓடையைக் கடக்கும் இடத்தில் தண்ணீர்க் குழாய் உடைந்திருக்கிறது. சுகாதாரத் துறைக்காரர்கள் கண்டுபிடித்தார்கள். மழையில் ஓடைத் தண்ணீர் ஊர்க் குடிநீர்த் தொட்டிக்குப் போயிருக்கிறது. தொட்டியைக் கழுவி குளோரின் போட்டார்கள். மொத்தம் ஏழு பேருக்கு டைபாய்டு. ஜீவானந்தம் மாமாவைத் திருவண்ணாமலையில் சேர்த்திருக்கிறார்கள். தேறிவிடுவார் என்கிறார்கள்.

அண்ணி வீட்டுக்குப் போய்விட்டாள். கிளம்பும்போது அண்ணன்தான் சொல்லிக்கொண்டான்.

21 ஆகஸ்ட், புதன்

பாதுகாப்புக் குழு விசாரித்தது. ஐந்து பேர், ஒரு நீள மேஜை. மூன்று மாதம் ஆய்வகத்துக்குள் நுழையக் கூடாது. மறுபடி பயிற்சி எடுத்துத் தேர வேண்டும். ஒருவர் கேட்டார்: "உங்க கிருமி இல்லன்னு ரகசியமா தெரிஞ்சிருந்தா, சொல்லியிருப்பீங்களா?"

தெரியாது என்றேன். அதுதான் உண்மை.

வெளியே வந்ததும் சார், "அந்தப் பதில எழுதி வெச்சிக்க" என்றார். எழுதிவிட்டேன்.

15 செப்டம்பர், ஞாயிறு

வீட்டுக்குப் போன் செய்தேன். அண்ணன் பேசினான், அம்மா பேசினாள். பின்னால் அண்ணியின் குரல் கேட்டது. அவள் போனை வாங்கவில்லை.

13 அக்டோபர், ஞாயிறு

பெண் குழந்தை. இரண்டு கிலோ நானூறு. அண்ணன் அனுப்பிய படத்தில் துணிக்கு வெளியே ஒரு நெற்றியும் ஒரு கையும்தான் தெரிகிறது. வரட்டுமா என்று கேட்டேன். "கேட்டுட்டுச் சொல்றேன்" என்றான். சொல்லவில்லை.

16 அக்டோபர், புதன்

மதியம் தெரியாத எண்ணிலிருந்து போன். எடுத்தால் அண்ணி. பக்கத்து வீட்டுப் போனாம். சௌக்கியமா என்றெல்லாம் கேட்கவில்லை.

"பாப்பாவுக்குக் கண்ணெல்லாம் மஞ்சளா இருக்குது. ஒங்கம்மா வெயில்ல காட்டுனா போய்டும்ங்கறாங்க. நர்ஸு நாளைக்கு ரத்தம் எடுக்கணும்ங்குது. இத்தினூண்டு கையில எங்க ஊசி குத்தறது? நீ இன்னா சொல்ற?"

"எனக்கு அதுல சரியாத் தெரியாது அண்ணி" என்றேன். "நான் குழந்தை டாக்டர் இல்ல. ஆனா நர்ஸ் சொல்றதுதான் சரி. நாளைக்கு வரைக்கும்கூட நிக்காதீங்க. இன்னைக்கே கொண்டுபோங்க."

குழந்தை சிணுங்குவது கேட்டது.

"தெரியாதுன்னா தெரியாதுங்கற" என்றாள். "சரி. ஜமுனாமரத்தூருக்கு இப்பவே கெளம்பறோம். நீயும் வா. அவங்க சொல்றது எனக்கு ஒண்ணும் புரியாது, நீ பக்கத்துல நின்னு கேளு."

பையில் இரண்டு துணியை எடுத்து வைத்துவிட்டேன். நாலரை பஸ்.